அழகி அக்கா விட்ட மாத்திரை

கீரமங்கலத்தில் பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. பதினோரு வருஷமாக அங்கேதான் வேலை பார்க்கிறேன். டி.ஃபார்ம் படித்தவள். கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிற சர்டிபிகேட்டில் இருக்கிற சத்யா நான்தான். முதலாளி திருமுருகன் அண்ணன் மருந்து மொத்த வியாபார வேலையாகப் புதுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் அலைந்துகொண்டே இருப்பார். கவுன்ட்டரில் நிற்பது நான்.

இதில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அழகி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அழகி அக்காவுக்குச் செரியலூர் பக்கம் நிலம். அவரும் வீட்டுக்காரர் ராசு அண்ணனும் சேர்ந்து நூற்றுப் பத்துத் தென்னை வளர்த்திருந்தார்கள். மகள் இளமதி பிறந்த வருஷம் வைத்த கன்றுகள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. விடியும்போது ஒன்பது மரம்தான் நின்றது. எங்கள் பக்கத்தில் எல்லார் தோப்பும் அப்படித்தான் கிடந்தது, அதனால் யார் வீட்டு இழப்பையும் யாரும் தனியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அழகி அக்காவுக்கு அதன் பிறகு தூக்கம் போய்விட்டது. கொஞ்சம் காற்று அடித்தாலும் எழுந்து போய்க் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாராம்.

புயல் நிவாரண முகாமுக்கு வந்த டாக்டர் ஒருவர் பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "பத்து நாளைக்குத்தாம்மா. அதுக்கு மேல தேவைப்பட்டா வந்து காட்டுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவர் மேல் குற்றம் இல்லை. அக்கா அந்தப் பத்து நாளும் தூங்கினார். பதினோராவது நாள் அதே சீட்டை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்.

"இந்த மாத்திரதான் ஆத்தா எனக்கு உசுரு குடுத்துச்சு. இன்னொரு அட்டை குடு."

குடுத்தேன்.

அல்பிரசோலம் என்று பெயர். பென்சோடயாசெபைன் என்கிற வகையைச் சேர்ந்த மாத்திரை. படபடப்புக்கும் தூக்கத்துக்கும் சில நாள் கொடுப்பார்கள். சில நாளுக்கு அது நல்ல மருந்துதான். நாள் போகப் போக உடம்பு அதற்குப் பழகிவிடும், ஒன்று போதாமல் இரண்டு கேட்கும். டாக்டர் புதிதாக எழுதித் தராமல் கொடுக்கக் கூடாது என்று அட்டையிலேயே சிவப்புக் கட்டம் போட்டு அச்சடித்திருக்கும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கடையில் நின்றபோது கேட்டவருக்கெல்லாம் "நரம்பு மாத்திரை" என்று எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா ராத்திரிக்கு ஒன்று என்று தொடங்கினார். ஒரு வருஷத்தில் இரண்டானது. மூன்றாவது வருஷம் காலையிலும் ஒன்று சேர்ந்தது. அவரைப் பார்த்தால் போதை ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்திவிட்டு முல்லையும் சம்பங்கியும் போட்டார், புதுத் தென்னங்கன்று வைத்தார். ஆனால் ஆள் மாறிக்கொண்டே வந்தார். வாயைத் திறந்தால் சிரிக்க வைக்காமல் விடமாட்டார் என்று பேர் எடுத்தவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவராக ஆனார். வரப்பில் இரண்டு தடவை விழுந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து போனார். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு வந்து அட்டை வாங்கிப் போனவர், பதினொன்றரைக்குத் திரும்ப வந்து அதே அட்டையைக் கேட்டார்.

"காலையிலதானக்கா வாங்கிட்டுப் போனீங்க?"

"நானா? இன்னைக்கா?" என்று சிரித்தார். "வயசாயிருச்சுல்ல."

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு. நானும் சிரித்தேன். இரண்டாவது அட்டையையும் கொடுத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும்.

2024 ஆவணியில் இளமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெற்றிசெல்வன், அறந்தாங்கியில் எலக்ட்ரீஷியன். கீரமங்கலத்திலேயே மண்டபம். நானும் போயிருந்தேன். அழகி அக்கா அரக்குக் கலர்ப் பட்டில் வாசலில் நின்று எல்லாரையும் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார். தாலி கட்டும்போது மேடையில் இருந்தார், அட்சதை போட்டார், பந்தியில் வந்து கேட்டுக் கேட்டுப் பரிமாறச் சொன்னார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆறாவது நாள் மத்தியானம் கடைக்கு வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. செல்போனைக் கவுன்ட்டர் கண்ணாடி மேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"போட்டோக்காரரு அனுப்பியிருக்காரு. பாரு."

தாலி கட்டுகிற போட்டோ. இளமதிக்குப் பின்னால் அக்கா நிற்கிறார்.

"நல்லா இருக்கேக்கா."

"இது நான்தான?"

எனக்குப் புரியவில்லை.

"சத்யா, எனக்கு இது எதுவுமே ஞாபகம் இல்ல. காலையில கை நடுங்குச்சுன்னு ரெண்டு மாத்திர சேத்துப் போட்டேன். வண்டியில ஏறுனது தெரியும். அப்புறம் மறுநா வீட்டுல படுத்திருந்தது தெரியும். நடுவுல ஒண்ணும் இல்ல. எம் மக கழுத்துல தாலி ஏறுனத நான் பாக்கல."

"பாத்தீங்கக்கா. மேடையிலதான் நின்னீங்க."

"கண்ணு பாத்துச்சு. நான் பாக்கல." குரல் உயரவே இல்லை. "நீ வந்திருந்தியா?"

"வந்தேன்க்கா."

"நான் ஒங்கிட்ட என்ன சொன்னேன்?"

"சாப்பிடாமப் போனா அடி விழும்னீங்க."

அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், வேறு யாரோ சொன்னதைக் கேட்பது மாதிரி. அப்புறம் மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். "இதுனாலயா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சிவப்புக் கட்டத்தைக் காட்டினேன். மறதி, மந்தம், தள்ளாட்டம், கீழே விழுவது, எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருஷமாகச் சொல்லாததை ஆறு நிமிஷத்தில் சொல்லி முடித்தேன்.

"இதெல்லாம் மொதல்லயே தெரியுமா ஒனக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் படி இறங்கிப் போனார். சட்டென்று நிறுத்தக் கூடாது என்கிற முக்கியமான விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்ச் சந்து முனையில் பார்த்தேன், ஆள் இல்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. சாயந்தரம் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வெட்கத்தில் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை, பூப் பறித்துக்கொண்டிருந்தவருக்கு வயலிலேயே வலிப்பு வந்துவிட்டது. ராசு அண்ணன் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தார். ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

கேள்விப்பட்டவுடன் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். வார்டில் அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். நாக்கைக் கடித்ததில் வாயெல்லாம் வீங்கியிருந்தது. ராசு அண்ணன் எழுந்து, "வா தாயி" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். அவர் அப்படிக் கூப்பிட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான்தாண்ணே காரணம், நான்தான் குடுத்தேன், நிப்பாட்டக் கூடாதுன்னும் சொல்லல" என்று என்னென்னவோ சொன்னேன்.

அக்கா கண்ணைத் திறந்தார். வீங்கின வாயோடு குழறிக் குழறித்தான் பேசினார்.

"அழுகைய நிப்பாட்டு. இப்ப டாக்டரம்மா வருவாங்க. அவுங்க சொல்றத நீ கவனமாக் கேட்டுக்க. எனக்கு மறந்து போகும்."

அந்த நிலைமையில், அவரை அங்கே கொண்டுவந்து படுக்க வைத்த என்னைப் பார்த்து அவர் சொன்னது இதுதான். வேறு எவராக இருந்தாலும் என்னை வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டார்கள்.

டாக்டர் ரீட்டா ஆவூர்ப் பக்கத்துக்காரர். மனநல மருத்துவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார்.

"மாத்திரைய விடணும்னு நெனச்சது தப்பே இல்லம்மா. ஒரே நாள்ல விட்டதுதான் தப்பு. மனசையும் ஒடம்பையும் அமைதியா வச்சுக்கிற வேலைய மூளை தானாச் செய்யும். ஆறு வருஷமா அந்த வேலைய மாத்திரை செஞ்சிருச்சு. மூளை கைய விட்டிருச்சு. ஓடுற மோட்டாரைச் சட்டுன்னு நிறுத்துனா பைப்பு எப்புடி அதிரும்? அதுதான் ஒங்களுக்கு வந்தது."

"அப்ப எப்புடித்தான் விடுறது?" என்றார் அக்கா.

"இதே வகையில ஒடம்புல மெதுவாக் கொறையிற வேற மாத்திரைக்கு மாத்துறேன். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்போம். கொறைக்கிற ஒவ்வொரு தடவையும் கஷ்டமா இருக்கும். நடுங்கும், வேர்க்கும், தூக்கம் கெடும். ரொம்ப முடியலைன்னா அங்கயே நிப்போம், அவசரம் இல்ல. ஆனா ஒங்க இஷ்டத்துக்குக் கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது."

"எத்தன நாளு?"

"நாள் கணக்கு இல்லம்மா. பத்து மாசம், ஒரு வருஷம்கூட ஆகலாம்."

ராசு அண்ணன் பெருமூச்சு விட்டார். அக்கா மேலே பார்த்தபடியே சொன்னார்.

"தென்னங்கன்ன வச்சுட்டு அஞ்சாறு வருஷம் காய்க்குமா காய்க்காதான்னு தண்ணி ஊத்துறவ நான். ஒரு வருஷம் எனக்குப் பெருசா?"

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மாத்திர ஒங்கடையிலதான் இருக்கும். வாரா வாரம் வந்து வாங்கிக்கிறேன். பாதி, காலுன்னு வெட்ட வேண்டியிருந்தா நீயே வெட்டிக் குடு. கூட்டுனது நீதான. கொறைக்கிறதையும் நீயே செய்யி."

சரிக்கா என்றேன். எனக்கு யாரும் இதுவரை அவ்வளவு பெரிய மன்னிப்பு கொடுத்ததில்லை. அவர் அதை மன்னிப்பு என்றுகூட நினைத்திருக்க மாட்டார், வேலை பிரித்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

புரட்டாசியில் தொடங்கியது. முதல் மாதம் பெரிய தொந்தரவு இல்லை. இரண்டாவது தடவை குறைத்தபோது ஆரம்பித்தது. தோலுக்கடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். நாக்கில் இரும்பு ருசி. ஃபேன் ஓடுகிற சத்தம் காதுக்குள் ரம்பம் போடுகிறது என்று ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையில் உட்கார்ந்திருப்பார். கடைக்கு வரும்போது படி ஏறுவதற்கு முன்னால் ஷட்டர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். கை நடுங்குவதை மறைக்கச் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருப்பார். ஆனால் ஒரு வாரம்கூட, "இன்னும் ஒண்ணு சேத்துக் குடு" என்று கேட்டதில்லை.

தூக்கம் வராவிட்டால் படுத்துக்கொண்டே இருக்க வேண்டாம், எழுந்து ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா எழுந்து உட்கார்ந்து பூக் கட்டுவார். தனியாக உட்கார வேண்டாம் என்று ராசு அண்ணனும் எதிரே உட்கார்ந்து கட்டுவார். அவருக்குப் பூக் கட்டத் தெரியாது. அவர் கட்டினது தூக்கினால் அவிழ்ந்து மடியில் கொட்டும். "ஒரு மொழம் கட்டச் சொன்னா ஒரு படி உதுத்து வைக்கிறாரு" என்று அக்கா கடையில் வந்து சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் ஒருவரைக் கிண்டல் பண்ணிப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தது. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் இன்றைக்கும் எல்லாரும் முதலில் கடைக்குத்தான் ஓடுவார்கள். கடையில் மெழுகுவர்த்திக்கும் பால் பவுடருக்கும் கூட்டம் நின்றது. இருட்டுகிற நேரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அழகி அக்கா வந்தார். முகம் வெளுத்திருந்தது. வாங்கிப் போன அந்த வாரத்து மாத்திரை முழுவதையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னைக்கு உள்ளத மட்டும் கிள்ளிக் குடு. மிச்சம் ஒங்கிட்ட இருக்கட்டும்."

"ஏங்க்கா?"

"காத்து அடிச்சா நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாது. வீட்டுல இருந்தா எடுத்துப் போட்டுருவேன்."

"நான் வேணா கூட வந்து இருக்கட்டுமாக்கா?"

"ஒனக்குப் புள்ளைங்க இருக்கு. வீட்டுக்குப் போ."

ஒரு பாதி மாத்திரையைத் தலைப்பில் முடிந்துகொண்டு அந்தக் காற்றில் நடந்து போனார். தன்னால் முடியும் என்று வீம்பு பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தன்னால் எது முடியாது என்று தெரிந்து, அது நடப்பதற்கு முன்னாலேயே வந்து கையை நீட்டினவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புயல் வடக்கே போய்விட்டது. எங்களுக்கு மழையும் பலமான காற்றும்தான். ஆனால் ராத்திரி முழுக்க அடித்தது. நானும் தூங்கவில்லை. காலை ஏழரைக்கு மழை விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு செரியலூருக்குப் போனேன். ரோட்டில் வாழை மட்டையும் தென்னை ஓலையும் கிடந்தன. வீட்டு வாசலில் நின்று "அக்கா" என்று வாயெடுத்தேன். உள்ளேயிருந்து ராசு அண்ணன் பேசாதே என்று கையைக் காட்டினார்.

சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் அவர். அவர் தொடையில் தலை வைத்து அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, சின்னதாகக் குறட்டை. கையில் பாதி கட்டின முல்லைச் சரம் அப்படியே இருந்தது.

"எத்தன மணியிலருந்து?" என்று சைகையில் கேட்டேன்.

நான்கு விரலைக் காட்டினார். பிறகு தன் காலைக் காட்டி, மரத்துப் போய்விட்டது என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் அசையவில்லை. மூன்றரை மணி நேரத்துக்கு மேலாக அசையாமல் இருந்திருக்கிறார். நானும் நிலைப்படி ஓரம் உட்கார்ந்தேன். எட்டரைக்கு அக்கா தானாக விழித்தார். என்னைப் பார்த்தார், வெளியே பார்த்தார்.

"காத்து நின்னுருச்சா?"

"எப்பவோ நின்னுருச்சுக்கா."

"நின்னது எனக்குத் தெரியலையே" என்றார். சொல்லிவிட்டு அதன் அர்த்தம் அவருக்கே புரிந்து, புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அரைகுறை மாத்திரையோடு, காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தூங்கியிருக்கிறார். ராசு அண்ணன் மரத்த காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டோம்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. தை மாதம் மறுபடி மோசமானது. ஒரு மாதம் குறைக்காமல் அதே அளவில் நிற்கச் சொன்னார் டாக்டர். அது அக்காவுக்குத் தோற்றுப்போன மாதிரி இருந்தது. "பின்னால போகலைல்ல, நின்னுதான இருக்கோம்" என்று டாக்டர் சொன்னதை எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போவார்.

மாசியில் பக்கத்துத் தோட்டத்து மருதாயி அம்மா இறந்து போனார். வயசான மனுஷி, எதிர்பார்த்த சாவுதான். மறுநாள் அக்கா கடைக்கு வந்தபோது கண் வீங்கியிருந்தது. உடம்புக்கு என்னவோ என்று பயந்து போனேன்.

"அழுதேன் சத்யா. நேத்து மாரடிச்சு அழுதேன்" என்றார். "எங்கப்பா செத்தப்பக்கூட எனக்கு அழுக வரல தெரியுமா? நாலு வருஷம் ஆச்சு. எல்லாரும் அழுவுறாங்க, நான் கட்ட மாதிரி நிக்கிறேன். கல்லு மனசுக்காரின்னு எங்க சின்னம்மா சொன்னுச்சு. நானும் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டேன். நேத்து மருதாயி மூஞ்சியப் பாத்ததும் குபுக்குன்னு வந்துருச்சு. எங்கப்பாவுக்கும் சேத்து அழுதுட்டேன். எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

சாவு வீட்டில் அழுததைச் சந்தோஷமாகச் சொன்ன ஒருவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அந்த மாத்திரை பயத்தை மட்டும் அடக்கி வைக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. என் மருந்துப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

ஆடியில் கடைசிக் கட்டம். கால் மாத்திரை, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். வெளியே ஆடிக் காற்று மண்ணை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆவணி முடிய நாலு நாள் இருக்கும்போது டாக்டர் ரீட்டா போதும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயந்தரம் அக்காவும் ராசு அண்ணனும் மருந்து வாங்க வேண்டிய வேலையே இல்லாமல் கடைக்கு வந்தார்கள். வந்ததற்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்று ராசு அண்ணன் காலுக்கு ஒரு தைலம் வாங்கினார்.

இப்போது அக்கா ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்குகிறார். சில நாள் நான்குதான். "வந்த தூக்கம் எந் தூக்கம்" என்கிறார். தள்ளாட்டம் போய்விட்டது. மறதியும் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் கல்யாண நாள் திரும்பி வரவில்லை. அது வரவே வராது, மூளை அன்றைக்கு அதை எழுதி வைக்கவே இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் வரும்போது அக்கா கீரமங்கலம் வரும் வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். அந்த வருத்தம் அவருக்கு இருக்கிறது, இருக்கும். அதைச் சுமந்துகொண்டேதான் வேலை பார்க்கிறார்.

ஐப்பசியில் ஒரு நாள் கடைக்கு வந்து கேட்டார்: "என்ன மாதிரி ஒங்கடையில எத்தன பேரு?"

எனக்குத் தெரியும். அக்கா விஷயத்துக்குப் பிறகு எண்ணி வைத்திருந்தேன். "பத்தொம்பது பேருக்கா. நான் புது ஆளுக்குச் சீட்டு இல்லாமக் குடுக்கிறதில்ல. பழைய ஆளுங்களுக்குச் சட்டுன்னு நிறுத்தவும் பயமா இருக்கு. டாக்டரைப் பாருங்கன்னா யாரும் போக மாட்டேங்கிறாங்க. மனநல டாக்டர்னாலே பயப்படுறாங்க. நான் சொன்னா எடுபடல."

அன்றைக்குத் திருமுருகன் அண்ணன் கடையில் இருந்தார். "நாம இல்லைன்னா வேற கடையில வாங்கிக்கப் போறாங்கம்மா" என்றார்.

"போகட்டும் தம்பி. போறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போகட்டும்" என்றார் அக்கா. அண்ணன் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கவுன்ட்டருக்கு வெளியே போட்டார்.

முதலில் சிக்கியவர் செபமாலை டீச்சர். ரிட்டயரானவர், எட்டு வருஷமாக மாத்திரை. யாருக்கும் தெரியக் கூடாது என்று குடையைச் சாய்த்துப் பிடித்தபடி வருவார். அக்கா அவரிடம் மாத்திரையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"டீச்சர், எம் மக கல்யாணம் எனக்கு ஞாபகம் இல்ல" என்றார்.

டீச்சர் குடையை மடக்கினார். நாற்காலியில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். நடுவில் வந்தவர்களுக்கு நான் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், என்ன பேசினார்கள் என்று முழுதாகக் கேட்கவில்லை. டீச்சர் எழுந்தபோது, "வியாழக்கிழமை நீங்களும் வருவீங்கல்ல?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

டாக்டர் ரீட்டா வியாழக்கிழமைதான் பார்ப்பார். காலை எட்டு மணிப் புதுக்கோட்டை பஸ். முதல் வாரம் அக்காவும் டீச்சரும் போனார்கள். தை பிறந்தபோது ஏழு பேர் ஆகிவிட்டார்கள். ஒரு டெய்லர், ஒரு மளிகைக் கடைக்காரர், துபாயில் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா. அக்கா பூவைப் பறித்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு, ஈரச் சேலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வருவார்.

போன வாரம் கடை திறக்கிற நேரத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. கண்டக்டர் விசில் ஊதியும் அக்கா படியில் நின்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் டாக்டர் சொன்ன மாத்திரையப் போட்டுட்டுத்தான வந்தீங்க? வீராப்புல எவரும் நிப்பாட்டிட்டு வந்துறாதீங்க, ஆமா! இங்கிட்டு ஒரு சீட்டு காலியா இருக்கே, டெய்லரு எங்க?"

"டீ குடிக்கிறாருக்கா!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"கண்டக்டரு தம்பி, ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு இறங்கி, டீக்கடையைப் பார்த்து வேகமாக நடந்தார்.